தரைக்கு அடியில் யார் போவது?

சிட்னிக்கு மேற்கே டூங்காபியில் ஒரு சனிக்கிழமை. 1950களில் கட்டிய ஃபைப்ரோ வீடு. வாசலில் ஏஜென்ட் நட்ட கொடி, உள்ளே புதுப் பெயிண்ட் வாசனை. திருச்சிப் பொதுப்பணித்துறையில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற மாமனார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக நடக்கிறார். ஐ.டி. மருமகனோ போனைத் தூக்கிப் பிடித்து, சென்னையிலுள்ள வாஸ்து நிபுணருக்கு அறை அறையாக வீடியோ காட்டுகிறார்.

(இந்த இருவரும் கற்பனை. சட்டங்களும் கறையானும் நிஜம்.)

“மாமா, அடுத்த சனிக்கிழமை ஏலம். வாஸ்து ஓகே ஆயிடுச்சு. ஈசான்யம் திறந்திருக்காம்.”

“அவர் தரைக்கு அடியில போய்ப் பார்த்தாரா மாப்பிள்ளை?”

“சென்னையில உட்கார்ந்துக்கிட்டு எப்படிப் பார்ப்பார்?”

“இங்கே இருக்கறவன் பார்க்கலாமே. பில்டிங், பூச்சி ரெண்டு இன்ஸ்பெக்ஷனும் சேர்த்து எவ்வளவு ஆகும்?”

“ஐந்நூறு, அறுநூறு டாலர். ஏலத்துல விழலைன்னா அத்தனையும் தண்டம். ஏற்கெனவே ரெண்டு வீட்டுக்கு அழுதாச்சு, ரெண்டும் கை நழுவிடுச்சு.”

மருமகனின் புலம்பலை மட்டும் தள்ளிவிட முடியாது. ஒரே வீட்டை ஆறு பேர் விரும்பினால் ஆறு இன்ஸ்பெக்டர்கள் அதே கூரையில் ஏறி, அதே ஓட்டைப் படமெடுத்து, ஆறு பில் போடுகிறார்கள். கான்பெர்ராவில் இந்தக் கூத்து இல்லை. அங்கே 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்பவரே கட்டட ரிப்போர்ட்டும் பூச்சி ரிப்போர்ட்டும் எடுத்து வைக்க வேண்டும். வீட்டை வாங்குகிறவர் கடைசியில் அந்தச் செலவைத் திருப்பித் தருவார். மூன்று மணி நேரக் கார் பயணத்தில் இருக்கும் ஊரில் நடப்பது சிட்னியில் நடக்காமல் இருப்பதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. சிட்னியிலும் மெல்பர்னிலும் வாங்குகிறவர் பாடு, அவர் பாக்கெட் பாடு.

“வாங்கிட்டு நிதானமாப் பார்த்துக்கலாம் மாமா. கூலிங் ஆஃப்னு அஞ்சு வேலை நாள் இருக்கு.”

“ஏலத்துலயுமா?”

மருமகன் போனில் தேடுகிறார். முகம் மெல்ல மாறுகிறது.

நியூ சவுத் வேல்ஸில் பேசி முடித்து வாங்கினால் ஐந்து வேலை நாள் அவகாசம் உண்டு. மனம் மாறினால் விலையில் 0.25 சதவீதம் போகும். பத்து லட்சம் டாலர் வீட்டுக்கு 2,500 டாலர். விக்டோரியாவில் மூன்று வேலை நாள், 0.2 சதவீதம் அல்லது 100 டாலர், எது அதிகமோ அது. ஏலத்தில் எடுத்தால் இரண்டு மாநிலத்திலும் ஒரு நாள்கூடக் கிடையாது. சுத்தியல் விழுந்ததும் கையெழுத்து, வழக்கமாகப் பத்து சதவீத முன்பணம். கறையான் குடும்பத்தோடு வீடு உங்களுடையது.

மாமனார் இதற்குள் வீட்டின் பின்பக்கம் போய்விட்டார். இடுப்பு உயரத்தில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்து, முழங்காலிட்டு, போன் டார்ச்சை அடிக்கிறார். செங்கல் தூண்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தகரத் தட்டு. மூன்றாவது தூணில் பென்சில் பருமனுக்கு ஒரு மண் கோடு. தகரத்தின் விளிம்பைச் சுற்றி வளைந்து மேலே உத்தரத்துக்குள் நுழைகிறது.

“இந்தத் தகரம் கறையானைத் தடுக்கத்தானே மாமா?”

“தடுக்காது. மறைஞ்சு ஏற முடியாம, வெளியில மண் பூசிக்கிட்டு ஏற வைக்கும். அப்பத்தான் நம்ம கண்ணுல படும். ஆனா குனியற கண்ணு வேணும்.”

“இன்ஷூரன்ஸ் இருக்கே!”

“பாலிசியை வாசிச்சீங்களா?”

வாசித்திருந்தால் தெரிந்திருக்கும். கறையான் சேதத்தை வீட்டு இன்ஷூரன்ஸ் பொதுவாக ஏற்பதில்லை.

வெற்றிக் களிப்பில் மாமனார் சுவரைத் தட்டுகிறார். “இது நம்ம ஊர் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தானே? திருச்சியில மாட்டுக் கொட்டகைக்கு நானே ஓட்டை போட்டு மாட்டினேன். ஒரு ஸ்க்ரூட்ரைவர் கொடுங்க, உள்ளே மரம் எப்படி இருக்குன்னு பார்ப்போம்.”

“ஐயோ, தொடாதீங்க மாமா!”

இந்த இடத்தில் மருமகன் சொல்வதுதான் சரி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு சிட்னியில் வரிசை வரிசையாக எழுந்த இந்த ஃபைப்ரோ வீடுகளின் சுவர், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்த சிமென்ட் தகடு. பரமட்டா பக்கத்திலுள்ள கமீலியாவில் ஜேம்ஸ் ஹார்டி நிறுவனம் அதைத் தயாரித்தது. 2003 டிசம்பர் 31 முதல் ஆஸ்திரேலியா முழுவதும் கல்நாருக்குத் தடை; இந்தியாவில் அந்தக் கூரை இன்றும் கடையில் கிடைக்கிறது. பெயிண்ட் அடித்து அசையாமல் இருக்கும் தகட்டால் பெரிய ஆபத்தில்லை. துளைத்தால், அறுத்தால், உடைத்தால்தான் தூசு நுரையீரலுக்குப் போகும். கான்பெர்ராவில் ‘மிஸ்டர் ஃப்ளஃபி’ என்று அழைக்கப்பட்ட நிறுவனம் கூரைக்குள் தூவிய உதிரிக் கல்நார் வீட்டுக்குள்ளேயே பரவியதால், 2014இல் தொடங்கிய திட்டத்தில் அரசு ஏறக்குறைய ஆயிரம் வீடுகளை விலைக்கு வாங்கி இடித்தது.

“அப்போ இன்ஸ்பெக்டர் இதைச் சோதிச்சுச் சொல்லுவாரா?”

“மாட்டார் மாமா. அதுக்குத் தனியா லேப் டெஸ்ட்.”

“அவர் என்னதான் பார்ப்பார்?”

ஏ.எஸ். 4349.1 என்ற ஆஸ்திரேலியத் தர விதிப்படி அவர் கண்ணால் மட்டும் பார்ப்பார். சோபாவை நகர்த்த மாட்டார், கார்பெட்டைத் தூக்க மாட்டார், 3.6 மீட்டர் ஏணிக்கு எட்டாத கூரையில் ஏற மாட்டார். கண்டதை மேஜர், மைனர் என்று பிரிப்பார். கறையானுக்குத் தனி விதி, தனி ரிப்போர்ட்.

“மெல்பர்ன் சன்ஷைன்ல அண்ணன் இப்படித்தான் பார்க்காம வாங்கினான் மாமா. பூஜை ரூம் கதவு ஒரு சீசன்ல மூடாது, இன்னொரு சீசன்ல திறக்காது. அண்ணி பரிகாரம்கூடப் பண்ணிட்டாங்க.”

“பரிகாரம் ஸ்டம்ப்ல இருக்கு.”

மாமனாரின் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். மெல்பர்னின் மேற்கே, சன்ஷைன் பக்கம், எரிமலைப் பாறை தந்த களிமண்; கோடையில் சுருங்கும், மழையில் உப்பும். பழைய பலகை வீடுகள் ஸ்டம்ப் எனப்படும் ரெட் கம் மரக்கட்டைகள் மேல் நிற்பவை. கட்டை மக்கினால் தரை சாயும், கதவு முறைக்கும். வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டையை எடுத்து கான்கிரீட் போடுவதற்குப் பல ஆயிரம் டாலர் ஆகும்.

“உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம் மாமா.”

“பொண்ணைக் கொடுக்கறதுக்கு முன்னாடி உங்களைப் பத்தி மூணு ஊர்ல விசாரிச்சேன் மாப்பிள்ளை.”

“என்ன ரிப்போர்ட் வந்துச்சு?”

“மைனர் டிஃபெக்ட் மட்டும்தான்னு.”

சிரிப்புச் சத்தம் கேட்டு ஏஜென்ட் வந்தார். வீட்டுக்காரர் எடுத்த ரிப்போர்ட் தயாராக இருக்கிறது, இலவசமாகவே அனுப்புகிறேன் என்றார். மருமகன் முகம் மலர்ந்தது. மாமனார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “யார் பேர்ல எடுத்தது?”

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். விற்பவர் பெயரில் எடுத்த ரிப்போர்ட் பொய்த்துப் போனால், அதை நம்பி வாங்கியவர் இன்ஸ்பெக்டரிடம் நஷ்டஈடு கேட்பது பெரும்பாடு. உங்கள் பெயரிலேயே எடுங்கள். இன்ஸ்பெக்டருக்குத் தொழில் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். ரிப்போர்ட் வந்ததும் படங்களை விட்டுவிட்டு, ‘அணுக முடியாத பகுதிகள்’ என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். தரைக்கு அடியும் கூரைக்கு உள்ளும் அந்தப் பட்டியலில் இருந்தால், ஏலத்துக்கு முன்பே அவருக்குப் போன் செய்து காரணம் கேளுங்கள்.