முழங்கால் அளவுதானுங்க

"நில்லுங்க தம்பி, நில்லுங்க. வண்டிய ஆஃப் பண்ணீராதீங்க. முழங்கால் அளவுதானுங்க."

ஊத்துக்குளி ரோட்டில் ஒற்றைக்கண் பாலத்துக்கு அடியில் தண்ணீர் கட்டி, போவதா திரும்புவதா என்று தெரியாமல் இருபது முப்பது ஸ்கூட்டர்கள் உறுமிக்கொண்டு நிற்கும்போது இந்தக் குரல் வரும். குரலுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் வரும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, லுங்கியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டிய ஓர் அண்ணன் வருவார். இவரை யாரும் நியமிக்கவில்லை. மாநகராட்சிக்கு இவரைத் தெரியாது. ஆனால் திருப்பூரில் தண்ணீர் தேங்கும் இடம் எத்தனை உண்டோ அத்தனை இடத்திலும் இவரைப் போல ஒருவர் உண்டு.

முழங்கால் அளவு என்றால் யார் முழங்கால் என்பதை அவர் சொல்வதில்லை. அவர் ஆறடி. நான் அவர் தோளுக்கு வருவேன். போன ஐப்பசியில் அவர் சொல்லை நம்பி இறங்கியபோது, அந்த முழங்கால் என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தது.

இத்தனைக்கும் மனிதர் பனியன் கம்பெனி செக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவர். கழுத்தில் இன்ச் டேப் மாலை மாதிரி எப்போதும் தொங்கும். மார்பளவு அரை இன்ச் கூடிவிட்டால் பீஸைத் தூக்கி ரிஜெக்ட் மூட்டையில் போட்டுவிடுவார். தைத்துக் கொடுத்த பவர் டேபிள்காரர் மன்றாடினாலும் மனம் இளகாது. ஆனால் அந்த டேப் ஒருநாளும் தண்ணீருக்குள் இறங்கியதில்லை. தண்ணீருக்கு அவரிடம் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று மூன்றே சைஸ்தான். ஸ்மால், மீடியம், லார்ஜ்.

மழைக்கு மட்டும் தொழில் அளவு உண்டு: துணியின் கனத்தைச் சொல்லும் ஜிஎஸ்எம். சிணுசிணுவென்று தூறினால், "இதெல்லாம் 140 ஜிஎஸ்எம்தானுங்க, சிங்கிள் ஜெர்சி மாதிரி" என்பார். கொஞ்சம் வலுத்தால் 180. கண்ணை மறைக்கிற மாதிரி கொட்டினால், "ஃபிளீஸ் மழைங்க, 300-க்குக் குறையாது." வானிலை மையத்தின் மில்லிமீட்டர் கணக்கைவிட இது எனக்குச் சட்டென்று புரிகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மழைக்கோட்டு அவரிடம் கிடையாது. ஏற்றுமதிப் பெட்டிக்குள் விரிக்கும் பெரிய பாலிதீன் பையில் தலைக்கு ஒன்று, கைக்கு இரண்டு என மூன்று ஓட்டை போட்டு மாட்டியிருப்பார். செல்போனுக்கும் சம்பளக் கவருக்கும் டி-சர்ட் மடித்துப் போடும் சின்ன கவர். அதன் மேல், குழந்தைகள் தலையில் மாட்டிக்கொண்டால் மூச்சு முட்டும், எட்டாத இடத்தில் வைக்கவும் என்று ஏழெட்டு ஐரோப்பிய மொழிகளில் எச்சரிக்கை அச்சாகியிருக்கும். தண்ணீர் தேங்கிய பாலத்துக்கு முன்னால் எந்த மொழியிலும் எந்த எச்சரிக்கையும் இல்லை. அந்தக் குறையைத்தான் அண்ணன் தீர்த்துவைக்கிறார். பீகார், ஒடிசாப் பையன்கள் வந்தால் இந்தியிலும் தீர்ப்பார்: "குட்னே தக், பாய், குட்னே தக்!" அவருக்குத் தெரிந்த ஒரே இந்தி அதுதான். முழங்கால் வரை என்று அர்த்தம்.

சைக்கிளைப் பற்றி ஆரம்பித்தாரானால் எட்டரைக்கு அரை ஷிப்ட் முடியும் சங்கு ஊதும்வரை பேசுவார். அது அவருடையது அல்ல; மகளுக்குப் பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்தது. முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள். ஆறடி ஆள் அதில் உட்கார்ந்தால் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும். அதனால் அவர் பெரும்பாலும் ஏறுவதில்லை, தள்ளிக்கொண்டே போவார். ஆனாலும் சொல்வார்: "இதுல சைலன்சர் இருக்குதுங்களா? பிளக் இருக்குதுங்களா? தண்ணி போறதுக்கு வழி எங்க இருக்குது, நீங்களே சொல்லுங்க!"

வழி இருக்கிறது. பெடல் அச்சுக்குள் போகும். தரையிலிருந்து ஓரடிக்கு மேல் தண்ணீர் ஏறினால் பெடல் அச்சும் சக்கர அச்சும் மூழ்கிவிடும்; உள்ளே இருக்கும் கிரீஸ் அடித்துக்கொண்டு போய், சேறு புகுந்துவிடும். மூன்றாம் நாள் மிதிக்கும்போது கடக் கடக் என்று பல்லைக் கடிக்கும். சைக்கிள் கடைக்காரர் பால்ஸைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஓவராயில் பண்ணோணுங்" என்பார். ரிம் நனைந்தால் பிரேக் பிடிக்காது என்பது தனிக் கதை. இதையெல்லாம் சொன்னால் அண்ணன் கேட்டுக்கொள்வார். கேட்டுவிட்டு, "அது பழக்கமில்லாதவங்களுக்குங்க" என்பார்.

அவரை வெறும் வாய்ச்சொல் வீரர் என்று எழுதிவிட்டுப் போனால் பாவம் பிடிக்கும். ஊர் அமைப்பு அவருக்கு மனப்பாடம். ரயில் பாதையும் நொய்யல் ஆறும் மேற்கிலிருந்து கிழக்காக ஏறக்குறைய பக்கத்துப் பக்கத்தில் ஊரை அறுத்துக்கொண்டு போகின்றன. பி.என். ரோட்டுக்காரர் பல்லடம் ரோட்டுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் இரண்டையும் தாண்டியாக வேண்டும். ரயிலுக்குக் கீழே குனிந்து போகும் பாலத்தில் மழைநீர், ஆற்றின் தரைப்பாலத்தில் வெள்ளம். ஊர் மூன்று துண்டு. மிச்சமிருக்கும் மேம்பாலத்தில் எல்லா வண்டியும் ஒன்றாக ஏறினால் அங்கே தண்ணீர் இல்லாமலே எல்லாரும் மூழ்கிவிடுவோம்.

இன்னொரு சங்கதி. திருப்பூர் மழைமறைவுப் பக்கத்து ஊர். இங்கே சுள்ளென்று வெயில் அடிக்கும், ஆனால் வெள்ளியங்கிரி மலையில் பெய்தது நொய்யலில் இறங்கி, கோவைப் பக்கத்துக் குளங்களை ஒவ்வொன்றாக நிரப்பிவிட்டு நம் வளர்மதி பாலத்துக்கு வந்து நிற்கும். அண்ணனுடைய மச்சான் சூலூரில் இருக்கிறார். வாரக் கடைசியில் நலம் விசாரிக்கிற மாதிரி அண்ணன் போன் போடுவார். "புள்ளைங்க நல்லா இருக்குதா? அக்கா நல்லா இருக்குதா? குளம் ரொம்பீருச்சா?" கடைசிக் கேள்விக்குத்தான் அந்த போன். ரொம்பிவிட்டது என்றால் மறுநாள் டிபன் கேரியரைக் கூடையில் வைக்காமல் கழுத்தில் கட்டிக்கொண்டு கிளம்புவார். இதைவிட நம்பகமான வெள்ள எச்சரிக்கை இந்தப் பேட்டையில் எனக்கு வந்ததில்லை.

ஒரே ஒரு வெள்ளத்துக்கு மட்டும் அவர் அளவு சொல்ல மாட்டார். 2011 நவம்பரில் ஒரே இரவு மழையில் ஜம்மனைப் பள்ளம், சங்கிலிப் பள்ளம் என்ற இரண்டு ஓடைகளும் கரை புரண்டு, ஓரத்து வீடுகளை அடித்துக்கொண்டு போயின. ஆட்களும் போனார்கள். அதே வருஷம் ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, ஊரில் பாதிப் பேர் வேலை எப்போது திரும்பும் என்று உட்கார்ந்திருந்த நேரம். டீக்கடையில் யாராவது வாய் தவறி, "அன்னிக்கு எவ்வளவு தண்ணிங்க, கழுத்தளவு இருக்குமா?" என்று கேட்டால், அண்ணன் கழுத்திலிருந்து இன்ச் டேப்பை எடுப்பார். ஒரு முனையிலிருந்து மெதுவாகச் சுருட்டுவார். சுருட்டி முடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "டீக்குச் சர்க்கரை பத்தலைங்க" என்பார்.

போன வாரம் மழை 180 ஜிஎஸ்எம்மில் பிடித்தது. ஐந்தரை மணி. சனிக்கிழமை, சம்பள நாள். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு திருவிழாக் கூட்டம். அண்ணன் நடுத்தண்ணீரில் நின்றுகொண்டு, நின்றுபோன ஸ்கூட்டர் ஒன்றைத் தள்ளிக் கரையேற்றினார். "ஸ்டார்ட் பண்ணாதீங்க சார், தண்ணி இஞ்சினுக்குள்ள போயிருக்கும், மெக்கானிக்குட்டயே உருட்டிட்டுப் போங்க." இந்த ஆலோசனை சரியானது. அந்த சார் முதலில் இறங்கியதும் இவர் ஆலோசனையில்தான் என்பதை நான் கிளறவில்லை.

அப்போது பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டியபடி ஒரு பெண் வந்தாள். குடையை மடக்கினாள். கரையில் ஸ்டாண்ட் போட்டு நின்ற சைக்கிளின் கூடையிலிருந்து அண்ணனுடைய செருப்பை எடுத்துத் தரையில் போட்டாள். பையைக் கூடையில் வைத்தாள்.

"அப்பா, டியூசனுக்கு நேரமாச்சு."

"இரு கண்ணு, இப்படியே போயிரலாம். முழங்கால்..."

அவள் தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சைக்கிளைத் திருப்பினாள், ஏறினாள், மேம்பாலத்துப் பக்கமாக மிதித்துக்கொண்டு போய்விட்டாள். பின்னால் நின்ற ஏழெட்டு ஸ்கூட்டர்கள் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போயின.

அண்ணன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் சொன்னார்:

"சின்னப் புள்ளைங்க. அதுக்கு ஆழம் தெரியாது."

பிறகு, "தம்பி, நீங்க மேம்பாலம் வழியாத்தான போறீங்க? என்னயும் அப்படியே எறக்கி உட்டுருங்க" என்றார்.