மாப்பிள்ளைக் கோட்டின் நிறம்

கேள்வி: வைகாசியில் எனக்கு விவாகம். மாலை வரவேற்புக்குக் கறுப்புக் கோட்டு என்கிறான் தோழன். சந்தன நிறம் என்கிறார் ஆச்சி. வேட்டியே போதும் என்கிறார் அப்பச்சி. தாங்கள் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: அப்பச்சியின் வார்த்தை காலையில் திருப்பூட்டும் வேளைக்கு அப்படியே பொருந்தும், பட்டு வேட்டிக்கும் அங்கவஸ்திரத்துக்கும் எதிரில் எந்தத் தையற்காரரின் சாமர்த்தியமும் எடுபடாது. மாலைக்கு என் அபிப்பிராயம் கருநீலம். மின்விளக்கின் மஞ்சள் ஒளியில் கறுப்புத் துணி சற்றே வெளிறிப்போக, கருநீலமோ கறுப்பினும் ஆழ்ந்து நிற்கும் என்று கண்டு, அந்நிறத்தை மாலை உடுப்புக்குப் பிரசித்தமாக்கியவர்களில் முக்கியமானவர், 1936-இல் மகுடம் சூடாமலே சிம்மாசனத்தை விட்டிறங்கிய எட்டாம் எட்வர்டு. காதலுக்காக ராஜ்யத்தையே துறந்தவரிடம் கல்யாணக் கோட்டுக்கு யோசனை கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது!

மணப்பெண் உடுத்துவது அரக்கும் கடுகு மஞ்சளும் கலந்த கண்டாங்கியானால் (2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர் நெசவல்லவா அது!) நீலம் அதன் பக்கத்தில் அடங்கி நின்று அவளுக்கு வழிவிடும், சந்தன நிறத்துக்கோ ரோஜா மாலையின் கறையையும் குங்குமத்தையும் மறைக்கத் தெரியாது. துணியைக் கடைக் குழல்விளக்கில் தீர்மானிக்காமல், சேலை முந்தானையோடு வளவுக்குக் கொண்டுவந்து, வானம் பார்த்த முற்றத்தில் நண்பகலில் ஒருமுறையும் விளக்கு வைத்தபின் ஒருமுறையும் பாருங்கள். வைகாசி வெக்கைக்கு, மெல்லிய கம்பளியில் பாதி லைனிங் மட்டும் வைத்துத் தைத்த கோட்டே தேகத்துக்குச் சுகம்.