சேலைக் கழிவு

காலை ஐந்தேகாலுக்கு மதினி எடை மிஷினில் ஏறுகிற நேரம் வீட்டில் ஃபேன் ஓடக் கூடாது. "காத்து அமுக்கும்." பட்டாசாலைத் தரையில் வைத்தால் ஒரு எடை, சாமி ரூம் கடப்பாக்கல்லில் வைத்தால் ஒரு எடை. முந்நூறு கிராம் குறைத்துக் காட்டுகிற கடப்பாக்கல்லுக்கே அந்தப் பாக்கியம். வலது காலை முதலில் வைத்து, கண்ணை மூடி, மூச்சு மொத்தத்தையும் வெளியே விட்டுவிட்டு நிற்பார். எண்ணை வாசிப்பது ஏழாம் வகுப்புப் பேத்தியின் வேலை.

"எழுபத்திநாலு புள்ளி ரெண்டு, ஆச்சி."

"சேலைக்கு ஒரு கிலோ கழி."

கழித்தாயிற்று.

"செயினுக்கு அரை."

மகன் பல் தேய்த்துக்கொண்டே குறுக்கே விழுவான். "ஏழு பவுன் செயின்மா. பவுனுக்கு எட்டு கிராம். மொத்தமே 56 கிராம்தான்."

"ஏழு பவுனு! எங்கய்யா ஒரு காட்டை வித்துப் போட்டது. உனக்கு அது அம்பத்தாறு கிராமா?"

அரைக் கிலோ கழிக்கப்படும். எழுந்ததும் குடித்த ஒரு சொம்பு வெந்நீருக்கு முக்கால். நேற்று சரியாக வயிறு போகவில்லை, அதற்கு உத்தேசமாக ஒரு தொள்ளாயிரம். மிச்சம் ஐம்பது கிராமைப் பேத்தி தன் பொறுப்பில் தள்ளுபடி செய்ய, காலண்டரில் 71 என்று ஏறும். போன வருஷம் இதே மாதமும் 71தான். அப்போது சேலைக்கு முக்கால் கிலோதான் கழித்தார்கள். விலைவாசி ஏறியதில் சேலைக் கழிவும் ஏறிவிட்டது.

மதினியின் அப்பா இதே கோவில்பட்டியில் கமிஷன் மண்டி வைத்திருந்தவர். பருத்தி, வத்தல், உளுந்து, கம்பு என்று கரிசல்காட்டு மூட்டைகள் வந்து இறங்கும். எந்த மூட்டைக்கும் ஏறிய எடை எழுதியதில்லை. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, மண் தூசிக்கு இவ்வளவு என்று கழித்தது போக நிற்பதுதான் எடை. அந்தக் கழிவில் எத்தனை சம்சாரி வயிறெரிந்து போனார் என்பது தனிக் கதை. அந்த மண்டிப் படியில் தட்டாங்கல் விளையாடி வளர்ந்தவரிடம், தராசு காட்டுவதை அப்படியே நம்பு என்றால் எப்படி நம்புவார்? எல்லா மதினிமாரின் அப்பாக்களும் மண்டி வைத்திருக்கவில்லை. ஆனால் கழிவு போடத் தெரியாத மதினியை எட்டயபுரம் ரோட்டில் விடியக் காலை நடக்கிற கூட்டத்தில் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

நடையில் குறை சொல்ல முடியாது. ஒரு மணி நேரம், மழை பெய்தாலும் தவறாது. ஐப்பசி மழையில் கரிசல் செருப்பில் அப்பி, காலுக்கு ஒரு கிலோ மண்ணைச் சுமந்துகொண்டு திரும்புவார். (அந்த எடையை மட்டும் எதிலும் சேர்ப்பதில்லை.) எழுபது கிலோ உடம்பு ஒரு மணி நேரம் நடந்தால் எரிவது 250 கலோரிக்குப் பக்கம். அதே 250, ஐம்பது கிராம் கடலைமிட்டாயில் இருக்கிறது. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி மிட்டாய். மதினி மிட்டாயைத் தொடமாட்டார். டப்பாவின் அடியில் கிடக்கிற உடைசலைத்தான் வாயில் போடுவார். உடைசலுக்குக் கணக்குக் கிடையாது.

ராத்திரிச் சோற்றை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பதில் கம்பு தோசை, மூன்று. 1901-லிருந்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் இது. மானாவாரித் தானியத்துக்கு இங்கே மரியாதை கொஞ்சம் அதிகம். கம்பில் நார் உண்டு, இரும்பு உண்டு. கலோரி மட்டும் நூறு கிராமுக்கு 350-ஐ ஒட்டி, ஏறக்குறைய அரிசி அளவேதான். இதை மருமகள் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். "அப்போ கம்புக்கும் உமி கழிவு உண்டுல்ல?" என்று பதில் வந்தது.

ஒருநாள் மிஷினையே கட்டைப் பையில் போட்டுக்கொண்டு அப்பாவின் பழைய சிநேகிதர் மகன் நடத்துகிற மண்டிக்குப் போய்விட்டார். "வாங்கக்கா" என்றவரிடம் விஷயத்தைச் சொல்லி மூட்டைத் தராசில் ஏறி நின்றார். 74.400. கூடுதலாக இருநூறு! சுமை தூக்குகிறவர்கள் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்கள். மதினி இறங்கவில்லை. "தம்பி, சாக்குக் கழிவு போடலையே?" மண்டிக்காரர் தொழில் தெரிந்தவர். தலையை நிமிர்த்தாமல் துண்டுச் சீட்டில் '71.500 நிகரம்' என்று எழுதி நீட்டினார். அந்தச் சீட்டு இன்றைக்கும் செண்பகவல்லி அம்மன் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது.

நாற்பத்தேழு வயதில் மதினிக்குத் தூரம் நின்றது. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாகவே அது நாற்பத்தாறு, நாற்பத்தேழில் நின்றுவிடுகிறது. "அதுக்கப்புறம் பச்சத்தண்ணி குடிச்சாலும் உப்புது, கரிசல் மண்ணு மாதிரி" என்பார். உடம்பு எரிக்கிற வேகமே படுத்துவிட்டது என்பதுதான் தெருவின் கட்சியும். 29 நாடுகளில் 6,400 பேருக்கு மேல் எடுத்து 2021-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு அதை ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பின் அளவுக்கும் தசையின் அளவுக்கும் ஈடுகட்டிப் பார்த்தால் இருபதிலிருந்து அறுபது வரை அந்த வேகம் குறையவே இல்லையாம். அப்புறம் என்னதான் ஆகிறது? அமெரிக்கப் பெண்களை 1990-களிலிருந்து தொடர்ந்து கவனித்துவரும் 'ஸ்வான்' ஆய்வில் 2019-ல் அதற்கு விடை வந்தது. மாதவிலக்கு நிற்கப்போகிற ஆண்டுகளில் கொழுப்பு சேர்கிற வேகம் இரட்டிப்பாகிறது, தசை கரைகிறது. கடைசி விலக்குக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் இரண்டும் ஓய்கின்றன. ஆனால் மொத்த எடை அந்த நேரத்தில் தாவி ஏறுவதில்லை, எப்போதும்போலத்தான் ஊர்ந்து ஏறுகிறது. மண்டி பாஷையில் சொன்னால் மூட்டை எடையில் பெரிய வித்தியாசமில்லை, உள்ளே சரக்கு மாறிவிட்டது. ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய, இடுப்பிலும் தொடையிலும் தங்கிய கொழுப்பு வயிற்றுக்குக் குடிமாறுகிறது. அதைக் கடப்பாக்கல் காட்டாது.

இதை மதினிக்கு யாரும் சொன்னதில்லை. முட்டி வலி என்று டாக்டரிடம் போனால் "வெயிட்டக் குறைங்கம்மா". ராத்திரி வேர்த்துக் கொட்டுகிறது என்று போனாலும் "வெயிட்டக் குறைங்கம்மா". எப்படி என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கன் உள்ளே வந்துவிடும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு அதிக எடை என்று சொன்னது. அதில் மதினி இல்லை. எடையும் உயரமும் பார்த்தது 15 முதல் 49 வயது வரைக்கும்தான். பிள்ளை பெறுகிற வயது முடிந்தால் தராசையும் மடக்கி வைத்துவிடுகிறார்கள்.

கரைகிற தசையை நிறுத்த, பளு தூக்கவும் வேண்டும். வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இதை எங்கோ கேட்டுவிட்டு வந்து மதினி வீட்டில் சொன்னபோது அண்ணன் பேப்பரை மடக்கினார். "இந்த வயசுல குண்டு தூக்கப் போறியாக்கும்? இடுப்புப் பிடிச்சுக்கிட்டா யாரு பாக்கது?" சீவலப்பேரியிலிருந்து குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீருக்கு நாள் எண்ணிக் காத்திருந்த ஊர் இது. வாக்கப்பட்டு வந்த வருஷம் தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் என்று மதினி நாலு தெரு தாண்டிச் சுமந்தார். அன்றைக்கு அவர் இடுப்பைப் பற்றி அண்ணன் எந்தக் கவலையும் தெரிவித்ததாக ஞாபகம் இல்லை.

மதினி அதைச் சொல்லிக்காட்டவில்லை. மறுநாளிலிருந்து அரிசி வாளியைக் கைக்கு ஒன்றாகத் தூக்கி மாடிப்படி ஏறி இறங்குகிறார். கேட்டால் வண்டு விழுந்திருக்கிறது, வெயிலில் காயப்போடப் போகிறேன் என்கிறார். மூன்று வாரமாக அந்த அரிசிக்கு வண்டு விட்டபாடில்லை.

மருமகள்தான் கடைசியில் ஒரு வழி கண்டாள். எடையை விடுங்கள் அத்தை, வயிற்றுச் சுற்றளவைப் பாருங்கள், நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், முப்பத்தொன்றரை இஞ்சு என்று தையல் டேப்பை எடுத்து வந்தாள். மிஷின் கட்டிலுக்கு அடியில் போயிற்று. பேத்தி இரண்டு கையாலும் ஆச்சியைக் கட்டிப்பிடித்து டேப்பைச் சுற்றினாள்.

"முப்பத்தேழு, ஆச்சி."

மதினி கண்ணைத் திறக்கவில்லை.

"தையலுக்கு விட்டது ரெண்டு இஞ்சு கழி."