சிங்கத்தின் காதும் துவரம் பருப்பும்

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவைப் பற்றிய எந்தக் கையேட்டைப் புரட்டினாலும் ஒரு விஷயத்தில் எல்லாரும் ஒரே கட்சி: போவதானால் ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் போங்கள். அங்கே அது வறண்ட குளிர்காலம். புல் காய்ந்து படிந்திருக்கும். தண்ணீர் மிச்சமிருக்கும் சில இடங்களுக்கு யானையும் சிங்கமும் தாமே நடந்து வரும். அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மழைக்காலத்திலோ பள்ளத்துக்குப் பள்ளம் தண்ணீர், காருக்கு மேலே புல். சாலையோரம் வந்து நம்மைச் சந்திக்க வேண்டிய கட்டாயம் எந்த விலங்குக்கும் இல்லை.

நான் போவதெல்லாம் மழைக்காலத்தில்தான். ரசனை காரணம் என்று சொன்னால் பொய். ஜோஹன்னஸ்பர்கில் கட்டுமானத் துறையில் வேலை. டிசம்பர் பாதியில் அந்தத் துறை முழுவதும் கதவைச் சாத்தினால் ஜனவரியில்தான் திறக்கும். லீவு அப்போதுதான், மழையும் அப்போதுதான்.

பூங்காக்காரர்களுக்கே இந்தப் பருவத்தின்மேல் நம்பிக்கை இருந்ததில்லை. 1926-ல் தேசியப் பூங்காவாக அறிவித்து, 1927-ல் பொதுமக்களை உள்ளே விட்டபோது அந்த ஆண்டு வந்த கார்கள் மூன்றே மூன்று. அதன்பின் கூட்டம் சேர்ந்த காலத்திலும், மலேரியாவுக்கும் சேற்றுக்கும் பயந்து, மழை மாதங்களில் பெரும்பகுதியை மூடியே வைத்தார்கள். இன்று ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள், பன்னிரண்டு மாதமும் திறந்திருக்கிறது. மழைக்காலத்தில் வராதீர்கள் என்ற அறிவுரை மட்டும் அப்படியே இருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் முதன்முதலாக என்னை அழைத்துப் போனவர் டர்பன்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அங்குள்ள வழக்கப்படி எங்களுக்கு அங்கிள். 1860-ல் சென்னையிலிருந்து முதல் கப்பல் போன பிறகு, அடுத்தடுத்த கப்பல்களில் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் வம்சம். தமிழில் அவருக்கு மிஞ்சியிருந்தது சமையல் சாமான் பெயர்களும் ‘ஐயோ’வும். மற்றதெல்லாம் டர்பன் ஆங்கிலம். ஸ்குகூசா மாதிரி பெரிய முகாம்களில் உணவகம், கடை, பெட்ரோல் பங்க் எல்லாம் இருக்க, அவர் பிடிவாதமாக பலூலே முகாமில் இடம் போட்டிருந்தார். பலூலே என்பது ஆறு வட்டக் குடிசைகள். ஜன்னல் கிடையாது, மின்சாரம் கிடையாது. சாயந்திரமானால் மண்ணெண்ணெய் விளக்கு. வேலிக்கு வெளியே கழுதைப்புலி வாட்ச்மேன் மாதிரி ரோந்து சுற்றும்.

“ஏன் அங்கிள் இங்கே?” என்றேன்.

“சின்ன வயசில் எங்கப்பா என்னை இங்கேதான் கூட்டிவந்தார். எங்களை வேறெங்கும் விடமாட்டார்கள்” என்றார்.

நிறவெறிச் சட்டங்களின் காலத்தில் வெள்ளையரல்லாதவர்களுக்கு என்று ஒதுக்கியிருந்த முகாம் அது. ஜன்னலும் மின்சாரமும் அவர்களுக்குத் தேவைப்படாது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். இன்றும் அதே குடிசைகள், அதே விளக்குகள். ஆனால் இப்போது அதன் பெயர் ‘இயற்கையோடு இயைந்த அனுபவம்’. முன்பதிவு பதினொரு மாதத்துக்கு முன்னால் திறக்கிறது. டிசம்பர் விடுமுறைக்கு இடம் வேண்டுமென்றால் திறக்கிற அன்றே உட்கார வேண்டும். அன்று அவமானமாக இருந்தது இன்று விளம்பரமாகிவிட்டது. ஒரு ஆணிகூட மாற்றாமல் மதிப்பை இப்படி ஏற்றிக் காட்டிய கட்டடத்தை என் தொழிலில் நான் பார்த்ததில்லை.

படமெடுப்பது அப்போது முப்பத்தாறு என்ற எண்ணுக்குள் அடங்கிய வாழ்க்கை. ஒரு ஃபிலிம் ரோலுக்கு முப்பத்தாறு படம். வண்ணம் நன்றாக வரும் என்று எல்லாரும் பயன்படுத்திய ஸ்லைடு ஃபிலிமின் ஐ.எஸ்.ஓ. 50, அதாவது வெளிச்சம் நிறையக் கேட்கும். மேகம் மூடிய காலையில் அதை வைத்துக்கொண்டு பறவையைப் பிடிப்பது என்றால், பறவையும் ஒத்துழைக்க வேண்டும். ஷட்டர் நொடியில் முப்பதில் ஒரு பங்கில் தவழும். அதற்குள் பனங்காடை தலையைத் திருப்பிவிடும். லேபிலிருந்து பெட்டி வந்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். நீலமாக ஒரு கலங்கல் தெரியும். அதைப் பனங்காடை என்று சொல்லி வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டுவோம். நம்பினார்கள். விருந்தாளிகள் நல்லவர்கள்.

கேமராவைத் தாங்க, அங்கிளின் மனைவி, அதாவது எங்கள் ஆன்ட்டி, பழைய திரைச்சீலையில் ஒரு பை தைத்து அதில் துவரம் பருப்பை நிரப்பியிருந்தார். கார் ஜன்னல் விளிம்பில் பையைப் போட்டு, அதன்மேல் லென்ஸைக் கிடத்தினால் ஆடாது. க்ரூகரில் ஓய்விடங்களைத் தவிர எங்கும் காரைவிட்டு இறங்கக்கூடாது. ஆகவே ஸ்டாண்டுக்கு வேலையில்லை, பைதான். ஒருநாள் ஒலிஃபண்ட்ஸ் ஆற்றின் தாழ்பாலத்துக்கு மேலே தண்ணீர் ஏறி, எங்கள் வழி மூடிவிட்டது. கொண்டுவந்த ரொட்டியும் தீர்ந்திருந்தது. ஆன்ட்டி ஒன்றும் பேசாமல் பையைப் பிரித்து உலையில் போட்டார். அந்தப் பயணத்தில் படம் எதுவும் தேறவில்லை, சாம்பார் தேறியது.

இப்போது அதற்கென்றே ஒரு பை விற்கிறார்கள். உள்ளே பிளாஸ்டிக் மணி, வெளியே நீர்புகாத துணி. எந்த வெள்ளத்திலும் சமைக்க முடியாது.

செய்தித் தொடர்பு என்பது அப்போது முகாம் வாசலில் இருந்த வரைபடப் பலகை. சிங்கத்துக்கு ஒரு நிறம், சிறுத்தைக்கு ஒரு நிறம். பார்த்தவர்கள் பார்த்த இடத்தில் பொத்தானைக் குத்திவிட்டுப் போவார்கள். அங்கிள் அதைப் படித்துவிட்டு நேர் எதிர்ப்பக்கம் ஓட்டுவார். “நேற்று அங்கே இருந்த சிங்கம் இன்று அங்கே இருக்காது, கார்கள் இருக்கும்” என்பார். இப்போது அந்தப் பொத்தான்கள் கைபேசிக்குள் வந்துவிட்டன. போன மழைக்காலத்தில் சென்னையிலிருந்து வந்த என் அண்ணன் மகன் பக்கத்து இருக்கையிலிருந்து கத்தினான்.

“சித்தப்பா, சிங்கம்! ஏழு கிலோமீட்டர். நாலு நிமிஷத்துக்கு முன்னாடிதான் போட்டிருக்கான்!”

தார்ச்சாலையில் 50, மண் சாலையில் 40 என்பது அங்கே வேகக் கட்டுப்பாடு. நான் 50-ல் போனேன். மற்றவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். இந்தச் செயலிகளால் வேகம், நெரிசல், அடிபடும் விலங்குகள் என்று நொந்துபோய், 2016-ல் பூங்கா நிர்வாகமே அவற்றைத் தடுக்க வழி தேடியது. வழி அகப்படவில்லை, செயலிகள் நன்றாக இருக்கின்றன. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாலையின் இரு பக்கமும் கார்கள் முட்டிக்கொண்டு நின்றன. புல்லுக்குள் ஒரு காது தெரிந்தது. அது சிங்கத்துடையது என்று முன்னால் நின்றவர் உறுதியளித்தார். நொடிக்கு முப்பது படம் எடுக்கும், பறவையோ மிருகமோ கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் கேமரா அண்ணன் மகனிடம் இருந்தது. கண் இல்லாத காதைப் பார்த்து அது குழம்பி, புல்லை வெகு துல்லியமாக எடுத்துக் கொடுத்தது.

அந்தக் கூட்டத்துக்கு நூறடி முன்னால்தான் நாங்கள் ஒரு அதிசயத்தைத் தாண்டி வந்திருந்தோம். முந்தின இரவு பெய்த மழையில் ஈசல் புறப்பட்டிருந்தது. ரஷ்யப் பக்கத்துப் புல்வெளிகளில் கூடு கட்டும் ஸ்டெப் கழுகுகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்து, தரையில் இறங்கி, கோழி நடை நடந்து ஈசல் பொறுக்கிக்கொண்டிருந்தன. கழுகின் கம்பீரம் பற்றிக் கவிதை எழுதியவர்கள் பார்க்கக்கூடாத காட்சி. படமெடுக்க அதைவிட வசதி கிடையாது: தரை மட்டத்தில் பறவை, கார் ஜன்னல் உயரத்தில் லென்ஸ், பின்னால் கருமேகம், பக்கவாட்டில் காலை வெயில். சிங்கத்துக்குப் போன கார்களில் ஒன்றுகூட அங்கே நிற்கவில்லை.

மழைக்காலம் பறவைகளின் காலம். க்ரூகரில் பதிவான ஐந்நூறுக்கும் மேற்பட்ட வகைகளில் வலசை வருபவை எல்லாம் அப்போது வந்துசேரும். தண்ணீர்ப் பக்கமே போகாமல் பூச்சி தின்று வாழும் வனமீன்கொத்தி நவம்பரில் வந்து, ஏப்ரலுக்குள் கிளம்பும் வரை நாள் முழுக்கக் கத்தும். குளிர்காலத்தில் ஊர்க்குருவியிலிருந்து பிரித்தறிய முடியாத செந்தூக்கணாம்பறவை இப்போது சிவப்புச் சட்டை போட்டிருக்கும். நம்மூர்ச் சுடலைக்குயில் அங்கேயும் மழையோடுதான் வரும். நம்மூரில் தவிட்டுக்குருவி கூட்டில் முட்டையிடுவது, அங்கே சின்னான் கூட்டில் இடும். ஊர் மாறினாலும் பிள்ளை வளர்ப்பைப் பிறர் தலையில் கட்டும் கொள்கை மாறவில்லை.

அமூர் வல்லூறும் மழையோடு வலசை வருவதுதான். கிழக்கு ஆசியாவிலிருந்து கிளம்பி, நாகாலாந்தில் தங்கி, அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவின் தெற்குக்கு வருகிறது. 2013-ல் மூன்று வல்லூறுகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி கட்டி அதை உறுதி செய்தார்கள். தொண்ணூறுகளில் அங்கிளிடம் இருந்தது வெறும் பைனாகுலர்தான். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தவற்றைக் காட்டி, “உன் ஊர்ப்பக்கமாக வந்தவை” என்றார். தென்னாப்பிரிக்கா நீங்கலாக என்று இந்தியப் பாஸ்போர்ட்டில் அச்சடித்திருந்த காலம் முழுவதும் அவை வந்து போய்க்கொண்டுதான் இருந்தன. எந்த முத்திரையும் கேட்கவில்லை.

கருவி எவ்வளவு முன்னேறினாலும் மழை தன் பங்கை விட்டுக்கொடுப்பதில்லை. ஏசி காரின் குளிரிலிருந்து லென்ஸை வெளியே நீட்டினால் அன்றும் ஆவி படர்ந்தது, இன்றும் படர்கிறது. ஏசியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, வியர்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். இறக்கிய ஜன்னல் வழியே மழை மடியில் இறங்கும். குரலைக் கேட்டுப் பறவைப் பெயர் சொல்லும் செயலியை அண்ணன் மகன் திறந்து வைத்தான். கூரையில் தடதடத்த மழையை அது வெகுநேரம் கவனமாகக் கேட்டது. பெயர் எதுவும் சொல்லவில்லை. மழை இதோடு நிற்பதும் இல்லை. 2000 பிப்ரவரியில் பெருவெள்ளம் வந்து முகாம்களையும் பாலங்களையும் புரட்டிப்போட்டது. எத்தனை செயலி வந்தாலும், தாழ்பாலத்தில் தண்ணீர் ஏறினால் இன்றும் வண்டியைத் திருப்பத்தான் வேண்டும்.

அவனுக்குப் பெரிய சோதனை பலூலேயில் காத்திருந்தது. எடுத்த ஆயிரக்கணக்கான கழுகுப் படங்களில் கழிக்க வேண்டியதைக் கழிக்க மடிக்கணினியைத் திறந்தான், அணைந்தது. கேமரா பேட்டரி தீர்ந்திருந்தது. சிக்னல் இல்லை. சுவரை நாலு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு, “பிளக் பாயின்டே இல்லாத இடத்துக்கா பதினொரு மாசம் முன்னாடி காசு கட்டினீங்க?” என்றான். ராத்திரி முழுக்கக் காரில் உட்கார்ந்து சார்ஜ் போட்டான். ஒதுக்கப்பட்ட மக்களுக்காக வெள்ளையர்கள் கட்டிய வசதிக்குறைவை இருபத்தோராம் நூற்றாண்டில் முழுதாக அனுபவித்தவன் என் அண்ணன் மகன் ஒருவன்தான்.

அங்கிள் காலத்தில் சாயந்திரம் முகாமில் சந்திப்பவர்கள் “என்ன பார்த்தீர்கள்?” என்று கேட்பார்கள். இப்போது “எங்கே நிற்கிறது?” என்கிறார்கள். முதல் கேள்விக்குக் கழுகும் பதில், ஈசலும் பதில். இரண்டாவது கேள்விக்குச் சிங்கம் மட்டுமே பதில்.

ஆகவே என் தீர்ப்பு: சிங்கம் வேண்டுமென்றால் கையேடு சொல்வதுதான் சரி, ஜூலையில் போங்கள். பறவை வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரி. மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். துவாலை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியை நீங்களே ஓட்டுங்கள். வாடகை ஜீப்பில் கூட வருகிறவர்கள் கழுகுக்காக நிற்க விடமாட்டார்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை முகாம் கதவு காலை 4.30-க்குத் திறக்கும். முதல் காராக வெளியே போக வேண்டுமென்றால் அதற்கு முன்பே வரிசையில் நிற்க வேண்டும். மழை பெய்தால் வரிசை இருக்காது.