கொக்கி, வளையம், நக்கிள்

தோட்டத்தில் மாதிரி ரயில் ஓட்டுகிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் எஞ்சினைத்தான் விசாரிப்பார்கள். கப்ளிங் எது என்று கேட்பவர் அபூர்வம். பெட்டிகளைச் சேர்த்து ஒரு ரயிலாக்குவது அந்தக் கையளவு இணைப்புதான். எஞ்சினைவிட அதைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிக யோசனை வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எண்பதுகளின் கடைசியில் வேலை நிமித்தம் அமெரிக்காவின் கொலராடோவிலுள்ள டென்வருக்கு வந்தேன். அப்போது இந்தப் பொழுதுபோக்கில் இருந்தவர்களின் வாயில் அடிபட்ட முதல் பெயர் எல்ஜிபி. நியூரம்பர்க்கின் லேமன் நிறுவனம் 1968இல் அறிமுகப்படுத்திய ரயில் அது. தண்டவாள அகலம் 45 மில்லிமீட்டர், அளவு விகிதம் 1:22.5. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும். ஆல்ப்ஸ் மலையின் மீட்டர்கேஜ் ரயில்களை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. விழுப்புரத்திலிருந்து மாயவரம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சி போன மீட்டர்கேஜ் வண்டிகளில் வளர்ந்தவனுக்கு அந்தக் கணக்கு ஒன்றே போதுமானதாக இருந்தது. ஒரு பெட்டியை வாங்கிவிட்டேன்.

அன்றைய எல்ஜிபி கப்ளிங் ஒரு கொக்கியும் ஒரு வளையமும்தான். பெட்டியைப் பெட்டியோடு தள்ளினால் கொக்கி வளையத்தில் மாட்டிக்கொள்ளும். வெறும் 600 மில்லிமீட்டர் ஆர வளைவிலும் பிடி விடாது. பிள்ளைகள் கையாண்டாலும் உடையாது. சரிவில் இழுக்கும்போது கழன்றுவிடுமோ என்ற பயம் இருந்தால் இருமுனையிலும் கொக்கி பொருத்திக்கொள்ளலாம். நம்பகத்தில் அதற்கு இணை அன்று இல்லை.

ஆனால் கொலராடோவின் நிஜ ரயில்களில் அப்படி ஒரு கொக்கி கிடையாது. டுராங்கோவிலிருந்து சில்வர்டனுக்கு 1882இல் போட்ட மூன்றடி அகலப் பாதையில் இன்றும் நீராவி எஞ்சின் ஓடுகிறது. அதன் பெட்டிகளுக்கு நடுவே இருப்பது நக்கிள் கப்ளர்: இரு கைகளின் விரல்களை மடக்கி ஒன்றோடொன்று கோத்ததுபோல் பூட்டிக்கொள்ளும் இரும்பு.

அந்த இரும்புக்குப் பின்னால் மனிதர்களின் கைவிரல்கள் இருக்கின்றன. முன்பு அமெரிக்காவில் இணைப்பு என்றால் ஒரு வளையமும் ஒரு ஆணியும். பெட்டிகள் நெருங்கி வரும்போது ஒருவர் இடையில் நின்று வளையத்தைப் பிடித்து நேராக்கி, ஆணியைச் செருக வேண்டும். விரலை இழந்தவர்கள், கையை இழந்தவர்கள், நசுங்கி இறந்தவர்கள் ஏராளம். ஈலை ஜானி 1873இல் தானாகப் பூட்டிக்கொள்ளும் கப்ளருக்குக் காப்புரிமை பெற்றார். ஆனாலும் ரயில் கம்பெனிகள் உடனே மாறிவிடவில்லை. அயோவாவின் லொரென்சோ காஃபின் ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகப் பேசிப் போராடினார். 1893இல் சட்டம் வந்த பிறகுதான் தானியங்கி கப்ளர் கட்டாயமானது. ஆகவே மாதிரிப் பெட்டியில் நக்கிள் பொருத்துவதை நான் வெறும் அழகு வேலையாக நினைப்பதில்லை. வரலாற்றைச் சரியாகச் சொல்வதாக நினைக்கிறேன்.

நம் ஊரிலும் இதே மாற்றம் வந்தது. பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலையின் பழைய வகைப் பெட்டிகளில், பெட்டிகளைச் சேர்த்துப் பிரிக்கும் ஷண்டிங் ஊழியர் இரண்டு பஃபர்களுக்கு நடுவே குனிந்து நுழைந்து திருகு கப்ளிங்கை முறுக்க வேண்டும். அந்த வகைப் பெட்டியின் தயாரிப்பு 2018இல் நின்றது. இன்றைய எல்எச்பி வகைப் பெட்டிகள் மோதும்போதே நடு கப்ளர் பூட்டிக்கொள்கிறது. பிரேக் குழாய்களை இன்னும் கையால் மாட்ட வேண்டும்.

மாதிரி ரயிலுக்குத் திரும்புவோம். நான் தொடங்கிய நாளில் எங்களுக்குத் தேர்வு குறைவு, அதனால் குழப்பமும் குறைவு. இன்று 1:20.3, 1:22.5, 1:29, 1:32 என்று நான்கு விகிதப் பெட்டிகள் அதே 45 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் நிற்கின்றன. ஒவ்வொரு கம்பெனியின் நக்கிளும் ஒரு அளவு, ஒரு உயரம். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், ஆனால் ஒன்றோடொன்று சரியாகப் பூட்டாது. அமெரிக்காவின் கேடி கம்பெனி இந்தப் பெரிய அளவு மாதிரி ரயிலுக்கென்றே இரண்டு அளவுகளில் கப்ளர் செய்கிறது. தண்டவாளத்தின் நடுவே பதித்த காந்தத்தின் மேல் நிறுத்தினால் கழன்றுகொள்ளும் வசதியும் அதில் உண்டு. அந்த வசதியெல்லாம் உயரம் ஒரே சீராக இருந்தால்தான் வேலை செய்யும். ஒரு பெட்டி தாழ்ந்து மற்றது உயர்ந்திருந்தால், பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு நக்கிள் மற்றதன் மேலோ கீழோ நழுவி ரயில் இரண்டாகிவிடும்.

இன்னும் பெரிய கேள்வி, கப்ளரை எங்கே பொருத்துவது என்பது. சக்கரங்களைத் தாங்கும் போகியில் பொருத்தினால் அது வளைவோடு சேர்ந்து திரும்பும், குறுகிய வட்டத்திலும் ஓடும். ஆனால் நீளமான ரயிலைப் பின்னோக்கித் தள்ளும்போது அழுத்தம் முழுவதும் போகியின் மேல் விழும். அது பக்கவாட்டில் திரும்பி, சக்கரம் தடம் புரளும். பெட்டியின் அடித்தட்டில் பொருத்தினால் இழுப்பையும் தள்ளலையும் பெட்டியின் உடலே தாங்கும். ஷண்டிங்குக்கு அதுதான் சரி. அதற்கு அகன்ற வளைவு வேண்டும். குறுகிய வளைவில் நீளமான பெட்டிகளின் முனைகள் வெளியே நீண்டு, கப்ளர் பக்கத்துப் பெட்டியைத் தண்டவாளத்திலிருந்து இழுத்துத் தள்ளிவிடும்.

தோட்டம் என்பதால் மண்ணையும் மறக்கக்கூடாது. நக்கிளின் சிறு ஸ்பிரிங்கில் மணல் புகும். எண்ணெய் விட்டால் தூசி ஒட்டும். காய்ந்த கிராஃபைட் தூள்தான் நல்லது.

கொக்கியும் வளையமும் போன காலத்துச் சரக்கு என்று இன்று பலர் ஒதுக்குகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. இடம் குறுகல், வளைவு இறுக்கம், ஓட்டுவது குழந்தைகள் என்றால் இன்றும் அதுவே சிறந்தது. வளைவு அகலமாக இருந்து, பெட்டிகளைப் பிரித்துச் சேர்த்து ஷண்டிங் செய்யும் ஆசையும் இருந்தால், அடித்தட்டில் பொருத்திய உலோக நக்கிளுக்கு மாறுங்கள். எதை எடுத்தாலும் ஒரு பாதைக்கு ஒரே வகையாக இருக்கட்டும். பழைய பெட்டிகளைக் கைவிட மனமில்லையென்றால், ஒரு முனையில் கொக்கியும் மறுமுனையில் நக்கிளும் கொண்ட ஒரே ஒரு பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டால் போதும். கடைக்குப் போகும் முன் உங்கள் பாதையின் மிக இறுக்கமான வளைவை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கப்ளர் என்பதை அந்த அளவே சொல்லிவிடும்.