முகவரி கேட்காதீர்கள்!

கேள்வி: சி மொழியில் ‘இன்ட்’ எத்தனை பிட் என்று தரநிலை ஏன் திட்டவட்டமாகச் சொல்வதில்லை? சோம்பலா?

பதில்: சோம்பல் இல்லை சார், முன்ஜாக்கிரதை! 1989இல் அமெரிக்காவின் ஆன்சி தரநிலை வந்தபோது கணினிகள் பல ரகம். பிடிபி-10இல் ஒரு ‘வேர்ட்’ 36 பிட். அதனால் ‘குறைந்தது 16 பிட்’ என்று தரைமட்டத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி இன்டெல் 8086 சிப். 20 பிட் முகவரியை இரண்டு 16 பிட் எண்களாக உடைத்து வைத்திருந்தது. விளைவு, ஒரே நினைவிடத்துக்கு 4096 முகவரிகள் வரை! பழைய எண், புதிய எண் இரண்டுக்கே நம் தபால்காரர் திண்டாடுகிறார். இதில் முகவரியைச் சுமக்கும் எந்த பாயின்டர் பெரியது, எது சின்னது என்று எப்படிச் சொல்வது? இரண்டும் ஒரே அர்ரேக்குள் இருந்தால் ஒப்பிடு. சம்பந்தமில்லாதவற்றை ஒப்பிட்டால் நடப்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று தரநிலை கைகழுவிவிட்டது. இப்படிப்பட்ட கைகழுவல்களையே பின்னாளில் கம்பைலர்கள் வேகம் கூட்டும் லைசென்ஸாக எடுத்துக்கொண்டது தனிக்கூத்து.

மைனஸ் எண்களை எப்படிச் சேமிப்பது என்பதில் ஒரே முறையைக் கட்டாயமாக்கவே சி23 தரநிலை வரவேண்டியிருந்தது. பைட்டுக்கு எத்தனை பிட்? இன்றைக்கும் ‘குறைந்தது 8’தான்!