பொடி வந்தது, லென்ஸ் வரவில்லை

“மாமா, பொடி அனுப்பியிட்டன். வாற கிழமை வந்திடும்” என்று ரொறன்ரோ மருமகன் தொலைபேசியில் சொன்னது பக்கத்தில் நின்ற மாமியின் காதில் அரைகுறையாக விழுந்துவிட்டது. யாருடைய பொடி, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று அவர் விசாரித்து முடிப்பதற்குள் செய்தி குருநகர் ஐந்துமாடி வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. வந்ததென்னவோ லைக்கா எம்4-பி. லென்ஸ் இல்லாத வெறும் கமரா.

ஜெர்மன் கம்பனியின் சரக்கு, ஆனால் 1980களில் ஒன்ராறியோ மாகாணத்து மிட்லாண்ட் ஊரில் செய்தது. ஒரு கால் ஜெர்மனியில், மற்றக் கால் கனடாவில். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் சேர்த்துக்கொள்ள வேறென்ன தகுதி வேண்டும்?

பற்றறி இல்லாமலே இயங்கும் என்பதுதான் ஓய்வுபெற்ற கணித வாத்தியாரான மாஸ்டர் மாமாவை மயக்கியது. 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடைக்காலத்தில், யாழ்ப்பாணத்துக்குள் பற்றறி வரக்கூடாது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை அவருடையது. யஷிக்கா எலெக்ட்ரோ 35 போன்ற கமராக்கள் பற்றறி தீர்ந்தால் 1/500 வினாடி என்ற ஒரே வேகத்தில் நின்றுவிடும். அதற்கு டைனமோவைக் கொழுவ வழியில்லை.

லென்ஸ் விஷயத்தில் மருமகனின் முதல் சிபாரிசு நொக்டிலக்ஸ் 50 மி.மீ., எஃப்/0.95. கமராவைவிடக் கனம்: 700 கிராம். விலையைக் கேட்டால் காணி உறுதியைத் தேடவேண்டும். மாஸ்டர் கொப்பியை எடுத்தார். குருநகர் இறங்குதுறையில் மத்தியான வெயில். ஐஎஸ்ஓ 400 ஃபிலிம். எஃப்/16 என்றால் ஏறத்தாழ 1/400 வினாடி போதும். அதே வெயிலில் எஃப்/0.95க்குத் திறந்தால் வினாடியில் இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக திறந்து மூடவேண்டும். எம்4-பியின் உச்ச வேகமோ 1/1000. ஆக, அந்த லென்ஸ் பகல் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு இருட்டினபிறகு வேலைக்குப் போகும் பிள்ளை.

“கூத்து இரவிலைதானே மாமா நடக்கிறது?” என்றான் மருமகன், விடாமல். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு எஃப்/0.95 வரை போகத் தேவையில்லை. எஃப்/2க்கும் எஃப்/1.4க்கும் இடையில் இருப்பதே சரியாக ஒரு படிதான். ஃபிலிமை 400க்குப் பதில் 800 ஆகக் கணக்கிட்டுக் கழுவினால் அந்தப் படி காசு செலவில்லாமல் கிடைத்துவிடும்.

பெரிய லென்ஸில் இன்னொரு வில்லங்கம். றேஞ்ச்ஃபைண்டர் கமராவில் நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, மேல் மூலையில் உள்ள தனிச் சாளரம் வழியாக. லென்ஸ் பருத்தால் சாளரத்தின் கீழ் மூலையில் வந்து குந்திக்கொள்ளும். சிநேகிதர் ஒருவரின் பெரிய லென்ஸைப் பூட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுச் சம்மாட்டியார் சொன்னது: “மாஸ்டர், உந்தக் குழாய் என்ர வள்ளத்தில பாதியை விழுங்கிப்போட்டுது.” மூடியைக் கழற்ற மறந்தாலும் சாளரத்தில் காட்சி பளிச்சென்றுதான் இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். கலியாண வீட்டுக்கு இந்தக் கமராவோடு போகிறவர்கள் கவனிக்க.

அடுத்து, மடித்து உள்ளே தள்ளும் எல்மார் 50. மேல்சட்டைப் பைக்குள் போகும். வெளியே இழுத்துத் திருகிப் பூட்ட மறந்தால் சுருள் முழுக்கப் புகைமூட்டம். சாளரம் அப்போதும் வாய் திறவாது. கடற்கரையில் அதைவிட மோசம்: குழாய் உள்ளே போய் வெளியே வரும்போதெல்லாம் உப்புக்காற்றும் பொடிமணலும் சேர்ந்து போய் வரும்.

மலிவு என்றால் சோவியத் சாமான்: ஜுப்பிட்டர்-8, இண்டஸ்டார்-61. படம் வடிவாகத்தான் வரும். ஆனால் அவற்றின் அளவுத்திட்டம் லைக்காவோடு நூலளவு ஒத்துவராது. கிட்ட நின்று எடுத்தால் குறி தப்பும். போதாததற்கு, இண்டஸ்டார்-61 பூட்டி வந்த ‘ஃபெட்’ கமராவின் பெயர் சோவியத் இரகசியப் பொலிஸை உருவாக்கிய ட்ஸெர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துகள். சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்ற ஊரில் அந்தப் பெயரைத் தோளில் கொழுவுவதற்கு மாமி சம்மதிக்கவில்லை.

கடைசியில் வழக்கைத் தீர்த்தவர் பைதகரஸ். ஃபிலிம் கட்டம் 24க்கு 36 மி.மீ. வர்க்கங்கள் 576, 1296, கூட்டினால் 1872, வர்க்கமூலம் 43.27. சாதாரண லென்ஸின் குவியத்தூரம் மூலைவிட்டத்தை ஒட்டியிருக்க வேண்டும் என்பது விதி. 50 ஏறக்குறைய ஏழு கூட, 40 மூன்று குறைவு. 40க்கு வெற்றி.

வாத்தியாரின் கணக்கு என்று சிரிக்க வேண்டாம், 40 மி.மீ. வேறு வழியிலும் உதவும். எஃப்/8இல் 6.7 மீற்றருக்கு வைத்துவிட்டால் 3.3 மீற்றரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவு. மீன் ஏலத்தில் யாரும் கமராவுக்காகக் காத்திருப்பதில்லை. வளையத்தைத் திருகிக்கொண்டு நின்றால் இறால் கைமாறிவிடும். 50 மி.மீ. என்றால் அதே தெளிவு 5.2 மீற்றரில்தான் தொடங்கும். ஏலக் கூட்டத்தில் அவ்வளவு தள்ளி நின்றால் முதுகுகள்தான் படம்.

குறையும் உண்டு. எம்4-பியில் 40க்கென்று சட்டகம் இல்லை. பூட்டியதும் 50, 75க்கான கோடுகள்தான் எழும்பும். கோட்டுக்கு வெளியே நிற்பவரும் படத்துக்குள் வந்துவிடுவார். குருநகரில் யாரும் இதற்குக் கோபிப்பதில்லை, விடுபட்டால்தான் கோபம்.

40இலும் இரண்டு உண்டு. 1973இல் லைக்கா சிஎல்லோடு வந்த சுமிக்ரோன்-சி எஃப்/2, ஏறத்தாழ 125 கிராம். அதன் ஃபில்டர் பழைய ‘சீரீஸ் 5.5’, தேடிக் கிடைப்பது கஷ்டம். 1980களில் மினோல்ட்டா சிஎல்இயோடு வந்த எம்-ரொக்கோர் 40 எஃப்/2க்கு 40.5 மி.மீ. திருகு ஃபில்டர் போதும். உப்புத்துளி தெறிக்கும் துறையில் ஃபில்டர் இல்லாமல் லென்ஸ் நிற்காது. ஆகவே ரொக்கோர்.

பழையது வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல்: ரோர்ச் லைற்றைப் பின்பக்கமாக அடித்துக் கண்ணாடிக்குள் பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள், அதுவரைக்கும் காசை எடுக்காதீர்கள்.